பின் ஆக்சிலுக்கு ஊத்துன ஆயில்

அக்கா, நான்தான், ரிட்டர்ன் பேசறேன். வயசு இருபத்தாறு. ஒர்க்ஷாப்புல டயர் அடுக்கி வெக்கற ரூம்ல, காலி ஆயில் டின்னு மேல உக்காந்திருக்கேன். சாப்பாட்டு நேரம், இங்க யாரும் வர மாட்டாங்க. எனக்கு டைப் பண்ண வராது, உனக்கே தெரியும். அதனால வாயால சொல்றேன், போன் எழுதிக்குது. ஏதாவது தப்பா விழுந்திருந்தா திருத்திப் படிச்சுக்க.

கியர் ஆயிலை முதல்ல மோந்துதான் பாக்கணும். டின்னுல ஒட்டியிருக்கறதை அப்புறமா படிச்சுக்கலாம்.

எங்க வண்டிங்க மலை மேல இருக்கற டவருக்கு ஆளும் சாமானும் ஏத்திட்டுப் போற வண்டிங்க. ரோடு கிடையாது, கல்லும் சரளையும்தான். முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு சக்கரத்தைக் கோக்கற ஆக்சிலுக்கு நடுவுல பூசணிக்காய் மாதிரி ஒண்ணு தொங்கும், அதுதான் டிஃபரன்ஷியல். சாதாரணமா ரெண்டு சக்கரத்தையும் அதது வேகத்துல சுத்த விடும். ஒரு சக்கரம் அந்தரத்துல நின்னுடுச்சுன்னா டிரைவர் லாக் பட்டனைத் தட்டுவாரு. ரெண்டும் ஒண்ணாச் சுத்தும், வண்டி ஏறிடும். அப்ப அத்தனை பாரமும் உள்ள இருக்கற கிரவுன் பினியன்கற பல்சக்கரத்தோட பல்லு மேலதான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஆயில் நிக்கணும், அதுக்கு ஜி.எல். அஞ்சுங்கற ஆயிலைத்தான் ஊத்தணும். அதுல கந்தகம் இருக்கு, அழுகின முட்டை மாதிரி நாறும். நாறுனாத்தான் நல்லது. ஜி.எல். நாலு கியர் பாக்ஸுக்கு உள்ளது. அதுவும் நல்ல ஆயில்தான், அதுக்கு உண்டான இடத்துல. கண்ணுக்கு ரெண்டும் ஒரே தேன் கலரு. ஆனா லாக் போடற வண்டிக்கு நாலை ஊத்துனா சமதரையில ஓடும், ஏத்தத்துல பல்லு காஞ்சு ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் தெரியாம ஊத்திட்டேன்னு வீட்டுல யாரும் நெனச்சிடக் கூடாது. எனக்கு வேலை தெரியும்.

போன மாசம் ஃபோர்மேன் என்னையும் மாமாவையும் ஒண்ணாக் கூப்பிட்டாரு. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு இனிமே விசா பேப்பர் புதுப்பிக்க மாட்டாங்களாம். ஒருத்தர் இருக்கலாம், ஒருத்தர் கிளம்பணும். யாருன்னு மாசக் கடைசியில அவரே சொல்றேன்னாரு. மாமா வெளியில வந்து என் தோள்ல கையைப் போட்டாரு. "மாப்ள, மூஞ்சியை ஏன் இப்படி தொங்கப் போட்டுக்கற? உனக்கு வயசு கிடக்கு. எங்க போனாலும் ஸ்பேனரைப் பிடிச்சா சோறு. எனக்கு இந்த ஸ்டியரிங்கை விட்டா என்ன தெரியும்? உங்கக்காவுக்குப் பாத்திரம் கழுவத்தான் போகணும்" அப்படின்னு சிரிச்சாரு. அவரு மனசுல நான்தான் போறவன்.

நான் எப்படி வர்றது, சொல்லு. முதல் தடவை வெளிநாட்டுல வேலை போயி திரும்பி வந்தப்ப பாவம்னாங்க. ரெண்டாவது தடவை வந்தப்ப தெருவே ரிட்டர்ன்னு பேரு வெச்சிடுச்சு. கடைக்குப் போனா, "என்ன ரிட்டர்னு, இந்தத் தடவை எத்தனை நாள் லீவு?" அப்பா அந்த ஆறு மாசமும் வாசக் கதவைச் சாத்தியே வெச்சிருந்தாரு. காத்து வரலைன்னு அம்மா திறந்தாலும் எழுந்து போய் சாத்துவாரு. மூணாவது தடவை அந்தக் கதவைத் தட்ட என்கிட்ட கை இல்லக்கா. நிஜமாத்தான் சொல்றேன். தினமும் வேலை முடிஞ்சு கை கழுவும்போது, இந்த மாசம் முடியறதுக்குள்ள நான் செத்துட்டா நல்லா இருக்கும்னு நெனச்சிருக்கேன்.

இங்க ஒரு சட்டம் உண்டு. வருஷத்துல மூணு தடவை வண்டி வழியில நின்னா அந்த டிரைவர் வீட்டுக்குப் போகணும், யாரு தப்புன்னு பாக்க மாட்டாங்க. மாமாவுக்கு ஏற்கெனவே ரெண்டு ஆகியிருந்துச்சு. இன்னும் ஒரு தடவை நின்னாப் போதும், யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்ல. அவரு உன்கிட்ட வந்திடுவாரு. பதினோரு வருஷமா போன்ல அழுதுட்டு இருக்கியே, அதுவும் தீரும். எல்லாருக்கும் நல்லதுன்னுதான் பட்டுச்சு.

சர்வீஸுக்கு அவரு வண்டி வந்தன்னைக்கு நாலை ஊத்துனேன். அளவும் பாதிதான். ஆயில் மாத்துனா ஒரு அலுமினியத் தகடுல ஆயில் பேரும் நம்ம பேரோட முதல் எழுத்தும் குத்தி, ஓட்டையை மூடற பிளக்குல கம்பி வெச்சுக் கட்டிடணும். அது எங்க ஒர்க்ஷாப் வழக்கம். நான் அஞ்சுன்னு குத்திக் கட்டுனேன்.

மாமா வண்டியைப் பூ மாதிரி ஓட்டறவரு. அதனால மூணு நாள் தாங்குச்சு. ஒர்க்ஷாப் பக்கத்துலயே நிக்கும்னு நெனச்சேன்னு போலீஸ் கேட்டா சொல்லலாம். உன்கிட்ட சொல்ல முடியல. லாக் போடற இடம் டவருக்குப் போற வழியில ஆள் இல்லாத அந்தக் கல்லு ஏத்தம் ஒண்ணுதான், எனக்குத் தெரியும்.

காலையில ஒம்பது மணிக்கு அவரு போன் என் போனுக்கு வந்துச்சு. "மாப்ள, பின்னாடி ரெண்டு சக்கரமும் கல்லு மாதிரி பிடிச்சுக்கிச்சுடா. டவருக்கு ஒரு சாமானும் இன்னிக்கு அவசரம் இல்ல, யாரும் தேட மாட்டாங்க. ஃபோர்மேன் காதுல போட்டுடாத, மூணாவது ஆயிடும். நீ மட்டும் சத்தம் போடாம வா." சரி மாமான்னேன். ஃபோர்மேன்கிட்ட வேற வண்டியை ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லி கிளம்புனேன். ரெண்டு பெரிய ஜாக்கும், அஞ்சு ஆயில் ஒரு கேனும், காலி கேன் ஒண்ணும் ஏத்திக்கிட்டேன்.

போய்ச் சேந்தப்ப மணி பத்தரை. அவருக்குச் சும்மா இருக்க முடியல. எந்தச் சக்கரத்துல கோளாறுன்னு பாக்க, சரளை மேலயே சின்ன ஜாக்கைப் போட்டுத் தூக்கியிருக்காரு. உள்ள எட்டிப் பாக்கும்போது ஜாக் வழுக்கி, சக்கரம் தொடை மேல உக்காந்துடுச்சு. மூஞ்சி வெளுத்துக் கிடந்துச்சு. ஆனா பேச்சு குறையல. "வாங்க மாப்ள, பொண்ணு பாக்க வர்ற மாதிரி ஆடி அசைஞ்சு வர்றீங்க. முதல்ல தண்ணியைக் குடு" அப்படின்னாரு. நான் முதல்ல தண்ணிதான் கொடுத்தேன். அதை நீ தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் யோசிச்சேன். இவரைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, பின்னாலயே ஆளுங்க வந்து வண்டியை இழுத்துட்டுப் போவாங்க, பிளக்கைத் திறப்பாங்க, மோப்பாங்க. தகடுல என் எழுத்து இருக்கு. ஆயிலை மாத்திட்டா, பல்லு போனது போனதுதான், ஆனா பார்ட்டு மேல பழி போயிடும். பத்து நிமிஷ வேலைன்னு கணக்குப் போட்டேன்.

அடியில புகுந்தேன். அவரு தலை என் முழங்கைக்கிட்ட இருந்துச்சு. ஆயில் சூடா இருந்தா தண்ணி மாதிரி இறங்கிடும். ஆறிப் போச்சுன்னா நூல் மாதிரி இழுத்துக்கிட்டே வரும், அவசரப்படுத்த முடியாது. மாமா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மாப்ள, இப்ப எதுக்குடா ஆயிலு?" அப்படின்னாரு.

"பாரம் குறையும் மாமா. தூக்க லேசா இருக்கும்."

பதினோரு வருஷம் வண்டி ஓட்டுன மனுஷன்கிட்ட அதைச் சொன்னேன். பழைய ஆயிலைக் கேன்ல பிடிச்சு மூடி என் சீட்டுக்கு அடியில வெச்சேன், மண்ணுல ஒரு சொட்டு விடல. புது ஆயிலை ஏத்த ஆரம்பிச்சப்ப அந்த நாத்தம் கிளம்புச்சு. அவரு மூக்கை உறிஞ்சறது கேட்டுச்சு. மெதுவா, "ரிட்டர்னு, வண்டியைத் தூக்குடா" அப்படின்னாரு.

அவரு வாயால அந்தப் பேரை நான் கேட்டதே இல்லக்கா. எப்பவும் மாப்ளதான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாப் போச்சு. மேல் ஓட்டை வழியா வழியற வரைக்கும் ஊத்தி, விரலை விட்டு அளவு பாத்து, பிளக்கைத் துடைச்சு, நிதானமாத்தான் முறுக்குனேன். எல்லாம் சேத்து நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு. ஜாக் போட்டுத் தூக்க ஆறு நிமிஷம்தான் ஆச்சு.

அவரைப் பின் சீட்டுல படுக்க வெச்சு ஓட்டுனேன். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சு. அரை மணி நேரம் முன்னால வந்திருந்தா காலோட போயிருக்கும், உயிர் நின்னிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உனக்கு நான் போன்ல சொன்னது, ஜாக் வழுக்கிடுச்சு, உடனே போச்சு, வலியே இல்லன்னு. மாமாவோட பெட்டி வந்து சேர்ற வரைக்கும் நீ ஒரு வாய் சாப்பிடலைன்னு அம்மா சொன்னாங்க. சாப்பிடுக்கா.

நேத்து ஃபோர்மேன் என் பேப்பரைக் கையில கொடுத்தாரு. ரெண்டு வருஷத்துக்கு. ஒருத்தர்தானே மிச்சம், யோசிக்க ஒண்ணும் இல்லன்னாரு. அப்பாகிட்ட சொல்லு, கதவைத் திறந்து வெச்சுக்கலாம்.

இப்ப விஷயம் என்னன்னா, மாமா ஓட்டுன அந்த வெள்ளை வண்டிக்குப் பின்னாடி டிஃபரன்ஷியலைப் புதுசா மாட்டிட்டாங்க. நாளைக்குக் காலையில அதே ஏத்தத்துக்குப் போகுது. புது டிரைவர் போன வாரம்தான் வந்தாரு, ரெண்டு பிள்ளைங்க போட்டோவை டேஷ்போர்டுல ஒட்டியிருக்காரு. சர்வீஸ் அன்னைக்கு நான் முன் டிஃபரன்ஷியலுக்கும் நாலுதான் ஊத்துனேன், அதுவும் பாதிதான். அன்னைக்கு அதையும் மாத்தியிருப்பேன், மாமாவைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமேன்னு விட்டுட்டேன். இனிமே நான் அந்த வண்டிக்கு அடியில போனா ஏன்னு கேப்பாங்க.

இதை யாரு படிச்சாலும் சரி, இன்னிக்கே ஒர்க்ஷாப்புக்கு ஒரு போன் போட்டு, வெள்ளை வண்டியோட முன் ஆக்சில் ஆயிலை இறக்கிட்டு அஞ்சு ஊத்தச் சொல்லுங்க. யாரு சொன்னாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க.