ரெண்டு செவுருக்கு நடுவுல

— இன்னொரு வாட்டி அந்த மூலையில காதை வெச்சுப் பாருங்க மேஸ்திரி.

— கேக்குது ஜெயசீலியம்மா. ரயிலு ரேணிகுண்டா பக்கம் போய்க்கினு இருக்குது. செவுத்துக்குள்ளயே ஓடறாப்புல கீது.

— கேக்கக் கூடாது. இது டிவி ஸ்டேஷன். இந்த ரூம்ல ஒருத்தர் செய்தி படிக்கிறப்ப ரயில் போனா, சித்தூர் வரைக்கும் எல்லார் வீட்டு டிவியிலயும் ரயில் ஓடும்.

— அதுக்குத்தானே ஜன்னலே வெக்காம பிளான் வரைஞ்சீங்க? முப்பது வருசமா கட்றேன், காத்து பூராத ரூமை இங்கதான் கட்னேன். பக்கத்து ரூமைப் பாக்கற அந்தக் கண்ணாடியைக்கூட சாய்ச்சு நிக்க வெக்கச் சொன்னீங்க. நம்ம ஆளுங்க சிரிச்சானுங்க.

— நேரா நிறுத்தினா சத்தம் கண்ணாடியில பட்டுத் திரும்பும். அத விடுங்க. சுவர் ரெண்டு, நடுவுல நாலு இஞ்சு சந்து. ஒண்ணு இன்னொண்ணைத் தொடவே கூடாதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?

— தெனமும் சொன்னீங்க.

— நாளைக்கு ஐதராபாத்துலேர்ந்து பெரிய இன்ஜினீயர் வந்து இதே மாதிரி காதை வெப்பார். என்ன நடந்துச்சு? சொல்லுங்க.

— சொல்லிடறேம்மா. சந்துக்குள்ள கலவை விழுந்து கெடக்குது.

— எவ்வளவு?

— ரெண்டு மூணு சட்டி இருக்கும். அள்ளல. கெட்டியாயி, ரெண்டு செவுத்தையும் புடிச்சிக்கினு இருக்குது.

— சந்துக்குள்ள விழறதை மேல இழுத்தெடுக்கப் பலகை குடுத்திருந்தேனே?

— குடுத்தீங்க. அன்னிக்கு கிருஷ்ணம்மா சாரத்துலேர்ந்து விழுந்துட்டா.

— உங்க வீட்டம்மாவா? ஜுரம்னு சொன்னீங்களே!

— பொய்யி. இடுப்பு எலும்பு உடைஞ்சிபோச்சு. அவ தலையில இருந்த கலவை, பக்கத்துல வெச்சிருந்தது, எல்லாம் சந்துக்குள்ள. நாங்க அவளைத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரெண்டு நாள் கழிச்சி வந்து பாத்தா கல்லாட்டம் கீது. இன்னா பண்றது? சொன்னா சாரம் எப்படி விழுந்துச்சுன்னு கேப்பாங்க. மேல செங்கல்லு வெச்சிக் கட்டிட்டேன்.

— இப்ப எப்படி இருக்காங்க?

— கோல் ஊணிக்கினு நடக்கறா. இனிமே சட்டி தூக்க முடியாது.

— அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன் மேஸ்திரி.

— வந்திருப்பீங்க. தெரியும். உங்க மூஞ்சியைப் பாக்க எனக்குத்தான் தெம்பு இல்ல.

— சரி. இது ஆபீஸ்ல டைப் அடிச்ச பேப்பர். இங்கிலீஷ்ல இருக்கு. பிளான்ல தப்பில்ல, கட்டினதுலதான் தப்பு, பொறுப்பு ஏகாம்பரம் மேஸ்திரின்னு எழுதியிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா என் வேலை தப்பிக்கும்.

— நான்?

— இனிமே எந்த சர்க்கார் கட்டடத்துலயும் உங்களைச் சேக்க மாட்டாங்க.

— பேனா குடும்மா.

— யோசிச்சுக்குங்க.

— யோசிக்க இன்னா கீது? சாரத்துக் கயிறு நைஞ்சிபோச்சு, மாத்துன்னு அவ சொன்னா. இன்னிக்கு ஒருநாள் தாங்கும், ஏறுன்னேன். அதுக்கு எவனும் எங்கிட்ட கையெழுத்து கேக்கல. இதுக்காவது போடறேன். எங்க போடணும்?

— இருங்க. அவங்க விழுந்தது எந்தப் பக்கம்?

— கெழக்கால, அந்தக் கோடி.

— அங்க வந்து காதை வெச்சுப் பாருங்க. இந்த மூலையில இப்ப அடுத்த ரயில் கேக்குது.

— ஒண்ணும் கேக்கலியே! அந்த மூலையிலதான் கேட்டுச்சு. கலவை இங்க கெடக்க, சத்தம் எப்படிம்மா அங்க வருது?

— பேனாவை இப்படிக் குடுங்க மேஸ்திரி. அந்த மூலையில மேல இருக்கற பீமை ரெண்டு சுவர் மேலயும் உக்கார வெச்சு வரைஞ்சது நான். சத்தம் அது வழியாத்தான் வருது. எனக்கு ஒரு வாரமாத் தெரியும்.