பூங்கா விளக்குக்குத் தகரம் கட்டியது நான்தான்

பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் சொன்னபடி. வயது நாற்பத்தொன்பது. இல்லத்தரசி. கணவர் தையல்காரர். பூங்காவுக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

போன மாதம் பூங்கா வாசல் தூணில் புதிய போகஸ் விளக்கு மாட்டினார்கள். அது தெருவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அன்று மாலை என்னோடு பூங்காவுக்கு வந்த நாத்தனார் அதன் வாசல் படியில் தடுக்கி விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். "விளக்கு போடறேன்னு கண்ணைக் கட்டிட்டாங்க அண்ணி" என்றாள். அவளை உட்கார வைத்த பிறகு, இத்தனை வெளிச்சத்தில் படி எங்கே போனது என்று எனக்கு யோசனையாகிவிட்டது. நெற்றிமேல் கை வைத்து மறைத்தேன், படி தெரிந்தது. கையை எடுத்தேன், காணோம். மறுபடி வைத்தேன், வந்துவிட்டது. கண்ணுக்கு மேல் கடவுள் புருவத்தை வைத்த காரணம் அப்போதுதான் பிடிபட்டது. "இங்க ரத்தம் வருது, நீங்க யாருக்கு சலாம் வெச்சிட்டிருக்கீங்க?" என்று நாத்தனார் கேட்டாள். அதன் பிறகு அவளையே விளக்கடியில் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். ஆள் தெரிந்தாள், முகம் தெரியவில்லை.

மறுநாள் பகலில், விளக்கு அணைந்திருந்தபோது, காலி எண்ணெய் டின்னை வெட்டி ஓரத்தை மடக்கி, எங்கள் வீட்டு ஏணியில் ஏறி, விளக்குக்கு முன்னால் புருவம்போல் இறக்கிக் கட்டினேன். வயரைத் தொடவில்லை. ஏணியைக் கொழுந்தன் பிடித்தார். "விழுந்து வெச்சா அண்ணனுக்கு நான்ல பதில் சொல்லணும்" என்றார். "நீ ஏணியைப் பிடி, பதிலை நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

அன்று மாலை வெளிச்சம் படியில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் முகம் என் வாசலிலிருந்தே தெரிந்தது. அதுவரை காலியாகக் கிடந்த பூங்கா வாசல் பெஞ்சில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு, விளக்கைக் கெடுத்தது லைன்மேன்தான் என்று நகராட்சியில் இங்கே புகார் கொடுத்து, அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். "எவனோ தகரம் கட்டினான், அது என் தலையில விழுந்திருச்சுக்கா" என்று அவர் நேற்று என்னிடம் சொன்னார். கட்டியவள் எதிரிலேயே நிற்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. தகரத்தைச் சான்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கழற்றுவதற்கு முன் ஒருமுறை, கழற்றிய பின் ஒருமுறை, அதிகாரி தெருவில் நின்று படியைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சொல்லும்போது மேசை விளக்கு என் கண்ணில் அடித்தது. எதிரே எழுதுகிறவர் முகம் தெரியவில்லை. நான் கேட்டதன் பேரில் அதன் மூடியைக் கீழே திருப்பினார்கள். எழுதுகிறவர் சிரித்துக்கொண்டிருந்தது அதன் பிறகுதான் தெரிந்தது.

அந்த வெளிச்சத்தில் முழுவதையும் நானே படித்தேன். சொன்னதெல்லாம் நடந்தது, நடந்ததெல்லாம் சொல்லியிருக்கிறேன். புகாரில் லைன்மேன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருப்பதையும் பார்த்த பிறகு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)