தோற்றவர் சொன்ன தீர்ப்பு

வேலூரிலிருந்து அமிர்தி போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் உற்சாகமாகக் கத்தினார்: "தோத்தாலும் அந்த ஜட்ஜு கையால தோக்கணும், மாமா!"

கிணற்று வழக்கில் ஐகோர்ட்டில் அவரை ஜெயித்தவரே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மாமாதான். கண்டக்டரிடம்கூட வாதாடத் துணியாத நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என் வக்கீலை எத்தினி கேள்வி கேட்டாரு! உன் வக்கீல் பக்கம் திரும்பவேயில்ல."

"திரும்பாமலே கெணறு எனக்குன்னு சொல்ட்டாரே, மாப்ள."

"இன்னா இங்கிலீஷு! ஒண்ணும் புரியல, ஆனா ஒடம்பு சிலிர்த்துடுச்சு. நான் டெல்லிக்கு அப்பீல் போறேன்."

"போய்ட்டு வா. அதுவரைக்கும் உன் நெல்லுக்குத் தண்ணி?"

மாப்பிள்ளையின் குரல் அப்போதுதான் இறங்கியது.

"அதுக்குத்தானே உன் பக்கத்துல ஒக்காந்துக்குனு வர்றேன்."

மாமா ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டார்.

"நல்லா ஒக்காரு. அப்புறம் ஜட்ஜு இன்னா கேட்டாரு?"