அட்டியல் பெட்டியில் இருக்கிறது

பிளேன்டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள், நன்றி சார். வட்டவளை மழைக்கு இது இல்லாமல் முடியாது. வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள். நான் மெரினா. நிதானமாகத்தான் சொல்கிறேன்.

அந்தத் தங்க அட்டியல் என் கணவர் இக்னேசியஸ் வீட்டுச் சொத்து. மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வந்த முதல் மருமகள் சேலை மடிப்பில் தைத்துக் கொண்டுவந்தது. எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டத்து லயமே பட்டினி கிடந்தபோதும் விற்கவில்லை. மூத்த மருமகள் என்று எனக்குப் போட்டார்கள். ஆனால் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்தில் அதை அணிந்து நிற்பவளுக்கே அது சொந்தமாகும், குடும்ப வழக்கம். எனக்குப் பிள்ளை இல்லை. கணவரும் போன வருடம் போய்விட்டார்.

கொழும்பில் வேலை பார்த்த கொழுந்தன் அன்டன், மனைவி ஷெரோமியோடும் கைக்குழந்தை ஜூட்டோடும் ஞானஸ்நானத்துக்கு வந்தான்.

"மெரினா, ஞாயித்துக்கெழம அட்டியல ஷெரோமிக்குக் குடுத்துரு," என்றார் மாமியார் தெரேசா.

"காவல் காத்தது போதும் மதினி. பென்சன் வேணும்னா சொல்லுங்க," என்றான் அன்டன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை லயத்துப் பின்னால் பீலியில் மலைத் தண்ணீர் செம்மண்ணாகக் கொட்டியது. மேலே மலை கரைகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதைப் பார்த்தவள் நான் மட்டும்தான். மத்தியானம் தோட்டத்துத் துரை எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏறச் சொன்னார். ஏறிய பிறகுதான் மாமியாருக்கு ஞாபகம் வந்தது.

"அட்டியல் எங்கடி?"

"ட்ரங்குப் பெட்டியில இருக்கு அத்தை," என்றேன்.

அது என் சுவெட்டருக்குள், கழுத்தில் இருந்தது.

"மழதானே, இந்தா ஓடிட்டு வந்துர்றேன்," என்றான் அன்டன்.

"பெட்டி கட்டிலுக்கு அடியில, ஒராளால இழுக்க ஏலாது," என்றேன். ஷெரோமி பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பாத்துக்குங்க அக்கா."

இருவரும் லயத்துக்கு ஓடிய கொஞ்ச நேரத்தில், டிப்பர் லொறியில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தது. பிள்ளை விழிக்கவில்லை.

தள்ளிப்போன ஞானஸ்நானம் அடுத்த மாதம் நடந்தது. பிள்ளையை ஏந்தி நின்றேன், சுவெட்டர் இல்லாமல். என் கழுத்தைப் பார்த்த மாமியார் மாதா கோயிலிலேயே அலறி விழுந்தார். அவர்தான் உங்களைக் கூப்பிட்டார். கூப்பிடட்டும்.

மண்ணை நான் சரிக்கவில்லை சார். சரியும் என்று தெரிந்துதான் இருவரையும் அனுப்பினேன். வருத்தமில்லை. அட்டியலைக் கழற்றித் தர மாட்டேன். வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வெளியே ஜூட் அழுகிறான். அந்தக் கிழவி கையில் அடங்க மாட்டான். உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். பெற்றவளிடம் வந்தால் தூங்கிவிடுவான்.