குறி விழாத பக்கம்

தவணைக்கு முன்னால் கடனை அடைக்கப் போய் சாத்தையா தன் தம்பியைச் சாகக் கொடுத்தான். நடந்தது அதுதான். எப்படி நடந்தது என்று கேட்டால் சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

கப்பிச்சாலை வருவதற்கும் முந்தி, கூத்தன்கண்மாய் என்று ஒரு ஊர். அந்த ஊரில் சாத்தையா என்று உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி. அவன், அவன் பெண்டாட்டி, அவன் தம்பி நல்லாண்டி. பிள்ளை இல்லை. அவள் வாக்கப்பட்டு வந்தபோது நல்லாண்டி இடுப்பில் துணி நிற்காத பயல். ஆக்கிப் போட்டு ஆளாக்கினது அவள்தான். வளர்ந்து மீசை வந்த பிறகும் மதினி, மதினி என்று அவள் பின்னாலேயே திரிவானாம்.

ஒரு வருஷம் மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. சாத்தையா பெரியணன் அம்பலத்திடம் போய் நின்றான். அம்பலம் என்றால் ஊருக்குப் பெரியவர். அப்போது நெல் இருந்த வீடு அது ஒன்றுதான். தின்னவும் விதைக்கவும் அளந்து கொடுத்தார்.

"மூணு வெள்ளாமையில குடுப்பா. அவசரமில்ல."

நல்ல மனுஷன்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

மறுவருஷம் மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. மடை திறக்க ஊர் கூடியது. முதல் தண்ணீர் யாருக்கு என்று பேச்சு. சாத்தையா ஏதோ சொன்னான். நியாயமான பேச்சுதான் என்பார்கள். அம்பலம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அட, சாத்தையாவுக்குப் பேச்சு வருதே! என் நெல்லு உள்ள போயி நல்லா வேலை செய்யுதப்பா."

ஊர் சிரித்தது. சிரித்துவிட்டு மடையைத் திறந்தது. அத்தோடு மறந்தது. சாத்தையா மறக்கவில்லை. உழப் போனால் அந்தச் சிரிப்பு. படுத்தால் அந்தச் சிரிப்பு. சோற்றில் கை வைத்தால் இது யார் நெல்லு என்று கேட்கும். இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு மூணு வெள்ளாமை எவன் இருப்பான்?

வீட்டுக்கு வந்து சொன்னான்: "இந்த ஒரு வெள்ளாமையிலேயே அடைக்கிறேன்."

"அவரே மூணுன்னு சொன்னாரே?" என்றாள் பெண்டாட்டி.

"அவரு சொன்னாரு. நான் சொல்லல."

விளைந்தது. நன்றாகவே விளைந்தது. அந்தக் காலத்தில் களத்தில் நெல்லைக் குவித்து, சுற்றிலும் குறி போடுவார்கள். கட்டையில் அச்சு செதுக்கியிருக்கும். சாம்பலில் தோய்த்து நெல்மேல் ஒத்துவார்கள். ஒரு பிடி அள்ளினாலும் குறி குலைந்து காட்டிக் கொடுத்துவிடும். போட்டவன்தான் அழிக்க வேண்டும். வேறு யார் அழித்தாலும் திருட்டு. பெண்டாட்டி அழித்தாலும் திருட்டுதான்.

சாத்தையா அளந்து பார்த்தான். கடனுக்குக் கொஞ்சம் குறைந்தது. எல்லாவற்றையும் கொண்டுவந்து வீட்டுக் குலுக்கையில் கொட்டினான். குலுக்கை என்றால் ஆள் உயர மண்கூடு. அடியில் நெல் எடுக்க ஓர் ஓட்டை இருக்கும். மேல் வாயையும் அடி ஓட்டையையும் களிமண்ணால் அப்பினான். அந்த ஈரத்தில் குறிக்கட்டையை வைத்து ஒத்தினான்.

"களத்துல போடுற குறிய வீட்டுக்குள்ள போடுறீகளே," என்றாள் அவள்.

"இது அம்பலத்து நெல்லு. குறையுறதுக்குக் கோடையில கேப்பை போட்டு நெல்லா மாத்திருவேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"அதுவரைக்கும் என்னத்தத் திங்கிறது?"

"காடு கெடக்கு. கம்மாய் கெடக்கு."

இது ஒரு பதிலா? ஆனால் அதைத்தான் சொன்னான்.

கீரை தின்றார்கள். கோரைக்கிழங்கு தின்றார்கள். நல்லாண்டி கேப்பைக்கு விடிய விடியக் கிணற்றில் ஏற்றம் இறைத்தான். இறைத்துவிட்டு வந்து வாசலில் நின்று கத்துவானாம்:

"மதினி, இன்னைக்கு என்ன விருந்து?"

"புளியங்கொட்டை. கொஞ்சம் வறுத்திருக்கேன். கொஞ்சம் அவிச்சிருக்கேன்."

"அடேயப்பா, ரெண்டு வகையா! மாப்பிள்ளை வீட்டுல கூட இப்பிடிப் போடமாட்டாக!"

அவன்தான் சிரித்தான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதை விட்டுவிட்டார்கள். முதலில் சண்டை போட்டார்கள். சட்டி உடைந்தது. பிறகு சண்டையும் நின்றது. அதுதான் மோசம். நடுவில் நல்லாண்டி தூது. "அண்ணே, மதினி உப்பு கேக்குது." "மதினி, அண்ணன் உப்பு எதுக்குங்குது." ஒரே வீட்டுக்குள், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

சாத்தையா ராவெல்லாம் குலுக்கையைத் தடவிப் பார்ப்பானாம். குறி குலையாமல் இருக்கும். நிம்மதியாகப் படுப்பான்.

கோடை முற்றியது. கேப்பைக் கதிர் விளைந்து நின்றது. இன்னும் கொஞ்சம்தான். நல்லாண்டிக்குக் காய்ச்சல் கண்டது. தின்னாத உடம்பில் வந்த காய்ச்சல். ரெண்டு நாளில் ஆள் பாயோடு பாய்.

"மதினி, ஒரு வாய் நெல்லுக்கஞ்சி," என்றான்.

அவள் குலுக்கைக்கு முன்னால் போய் நின்றாள். குறிமேல் கையை வைத்தாள். வாசலிலிருந்து சத்தம் வந்தது.

"கைய எடு."

"உங்க தம்பி கேக்குறான்."

"ரெண்டு நாள்ல கேப்பை அறுத்துருவேன். கடன் முடிஞ்சுரும். அப்புறம் அண்டா அண்டாவாக் கஞ்சி காய்ச்சு. இப்பக் கைய எடு."

எடுத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஒரு குத்து அரிசி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆள் உசரக் குலுக்கை நெறைய நெல்ல வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து கையேந்துறியே, ஏத்தா, உன் புருஷன் இதையும் சேத்து வைக்கச் சொன்னாரா?"

அவளைக் குறை சொல்லி என்ன? குலுக்கை நிறைந்த வீட்டுக்கு எவள் கொடுப்பாள்? சாத்தையா பெண்டாட்டி வெறுங்கையோடு திரும்பினாள். கருக்கலில் நல்லாண்டி போய்விட்டான்.

ஊர் கூடியது. அம்பலமும் வந்தார். குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். யாரோ சொன்னார்கள், வாய்க்கரிசிக்கு அரிசி கொண்டாங்கப்பா என்று. வீட்டில் ஏது அரிசி? சாத்தையா எழுந்தான். குலுக்கையை நோக்கி நடந்தான். அவள் குறுக்கே நின்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் நேருக்கு நேராகப் பேசினாள்.

"எங்க போறீக?"

"வாய்க்கரிசிக்கு."

"அது அம்பலத்து நெல்லுல்ல?"

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான்.

"உசுரோட கேட்ட வாய்க்கு இல்ல. செத்த வாய்க்கு உண்டோ?"

அம்பலம் முன்னால் வந்தார். "என்ன தாயி? எது என் நெல்லு?"

"இந்தா, இந்தக் குலுக்கையில இருக்கிறது பூராம். உங்களுக்குக் குடுக்கத்தான் குறி போட்டு வச்சிருக்கு. இவன் பட்டினி கெடந்து செத்ததும் அதுக்குத்தான்."

"எனக்கா? இன்னும் ரெண்டு வெள்ளாமை கெடக்கேப்பா. யாரு கேட்டா?"

சாத்தையா தலை நிமிராமல் சொன்னான்: "மடையில வச்சுச் சொன்னீகளே."

"என்ன சொன்னேன்?"

அவருக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. சாத்தையா அவர் முகத்தையே பார்த்தானாம். பார்த்துப் பார்த்து, குலுக்கை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவள் உலக்கையை எடுத்தாள். அடியில் இருந்த குறியில் ஒரே குத்து. மண் பெயர்ந்தது. நெல் பொலபொலவென்று கொட்டிச் சாத்தையாவின் மடியெல்லாம் விழுந்தது. அவள் அள்ளி உரலில் போட்டுக் குத்தினாள். சாவு வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கக்கூடாது. அடுப்பு எரியக்கூடாது. ரெண்டும் நடந்தது.

ஒரு கிழவர் சொன்னார்: "ஏத்தா, பொணத்த வச்சுக்கிட்டு இது ஆகாதுத்தா."

"ஆகாததெல்லாம் ஆயிப்போச்சு மாமா. நீங்க தள்ளி உக்காருங்க, பொகை அடிக்கும்."

சோறு வடித்தாள். ஆற வைத்தாள். பிசைந்து, அவன் வாயில் வைத்தாள். அரிசி போட ஒருத்தரையும் விடவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுவருஷம் வெள்ளாமை வந்தது. களத்தில் நெல் குவிந்தது. சாத்தையா பழக்கத்தில் கட்டையை எடுத்தான். அவள் வந்து, வீடு பார்த்த பக்கமாகக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கம் போடாதீக."

"நாலு பக்கமும் போட்டாத்தான் குறி."

"மூணு பக்கம் போடுங்க. கடன்காரன் மூணு பக்கமும் வரட்டும். இந்தப் பக்கம் உலைக்கு. ராசாவே வந்தாலும் இந்தப் பக்கம் வரப்படாது."

களத்தில் நின்றவர்கள் அம்பலத்தைப் பார்த்தார்கள். அவருக்குத்தான் ஊரில் பாதி கடன்பட்டிருந்தது. அவர் வாயே திறக்கவில்லையாம். அடுத்தாற்போல் இருந்த தன் குவியலுக்குப் போனார். சுற்றிலும் குறி போட்டு முடித்த குவியல். தோள்துண்டை எடுத்தார். வீடு பார்த்த பக்கத்துக் குறியைத் தேய்த்து அழித்தார். அப்புறம் எவன் பேசுவான்?

சாத்தையா தன் கடனை மூணாம் வெள்ளாமையில்தான் அடைத்தான். அதற்கு ஒரு நாள் முந்திக்கூட அவள் அளக்க விடவில்லை.

இன்றைக்கும் கூத்தன்கண்மாயில் மூணு பக்கம்தான் குறி. தவணைக்கு முன்னால் எவனாவது நெல்லோடு வந்தால், வாங்குகிறவர் அந்த நாலாம் பக்கத்தைப் பற்றிக் கேட்காமல் அளக்கிற மரக்காலைத் தொடமாட்டார். அது குறைந்திருந்தால் வந்த நெல் வந்த வழியே திரும்பிப் போகும். அந்தப் பக்கத்துக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. அவள் பேர்தான்.

முத்திருளாயி.