விரல் விட்ட சேதி

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! நாளை கப்பல் பொறியாளராகக் கடலுக்குப் புறப்படும் என் அண்ணன் மகளே! கணினி பழுதுபார்க்கும் இந்த அத்தையின் கனிவான வணக்கம்!

வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். எனக்குத் தெரிந்தது விசைப்பலகை ஒன்றுதான். அதைக் கொண்டே வாழ்த்துகிறேன்.

ஒரு விசையை அமுக்குகிறோம். கணினிக்கு என்ன போகிறது? எழுத்தா? இல்லை! 'இந்த இடத்து விசையை அமுக்கிவிட்டார்கள்' என்றொரு சேதி. விரலை எடுத்ததும் 'விட்டுவிட்டார்கள்' என்று இன்னொரு சேதி. அந்த இரண்டாவது சேதி வராவிட்டால்? விரல் இன்னும் அங்கேயே இருப்பதாக நம்பி, வெள்ளந்தியான கணினி அதையே அடித்துக்கொண்டிருக்கும்!

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து என் அண்ணனுக்குக் குரல் இல்லை. அவர் தட்டுவதைக் கணினி பேசும். அடிக்கடி சொல்லும் சொற்களை ஒரு விசைக்கு ஒரு சொல்லாக நான்தான் அமைத்துக் கொடுத்தேன். வேலைக்கு உத்தரவு வந்த அன்று, கப்பலுக்குப் போகட்டுமா என்று மகள் கேட்டாள். அண்ணன் விசையை அமுக்கினார். கணினி சொன்னது: "சரி சரி சரி சரி சரி..."

ஒரு 'சரி' என்றால் சம்மதம். அடுக்கினால்? ஆமாம், தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், தினமும் கேட்பவர்களாயிற்றே! ஆளை விடு என்று அர்த்தம்! அண்ணன் பதறிப்போய்த் தட்டத் தட்ட அதுவேதான் வந்தது. அதற்குள் பிள்ளை முகம் வாடி வெளியேறிவிட்டாள். வேலையே வேண்டாமென்று எழுதிவிடப் போவதாக என் கடையில் வந்து அழுதாள்.

அவளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கம்பியில்லா விசைப்பலகை, உள்ளே பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்தது. அமுக்கிய சேதி போய்ச் சேர்ந்தது, விட்ட சேதியும் பிறகு தட்டியவையும் வழியிலேயே விழுந்துவிட்டன! புது பேட்டரி போட்டு, அவளை மறுபடி கேட்கச் சொன்னேன்.

"சரி." ஒன்றே ஒன்று!

அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "மனசோடதான் சொல்றீங்களாப்பா?" என்றாள். அண்ணன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கணினி பேசியது: "புடிச்சிருந்த கையை விட்டுட்டேன்மா. போயிட்டு வா."

பெற்றவர்களே! பிடித்திருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நாம் சொல்லவே வேண்டாம். விட்டோம் என்பதை யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும்! நாம் சொன்னால்தான் அவர்களுடைய அடுத்த எழுத்து விழும்!

சிரித்தும் கண்ணைத் துடைத்தும் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. எங்கள் கப்பல்காரிக்கு வாழ்த்து. வணக்கம்!