சந்தனம்மாளுக்குப் போன துரும்பு

— கையெழுத்துப் போடுறதுக்கு இம்புட்டு யோசனையா மாப்ளே? பத்திரம் எழுதுற ராஜகுரு சாப்பிட்டு வாரதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லு.

— மாப்ளேன்னு கூப்பிடாதீக. எங்கக்காவ அத்துவிட்ட அன்னைக்கே அந்த மொறையும் அத்துப்போச்சு.

— சரிப்பா, சோலைன்னே கூப்பிடுறேன். இத்தன வருசங் கழிச்சு ஒன் வாசல்ல வந்து நின்னேன்ல? நான் யாரு வாசலயும் மிதிக்கிற ஆளா, சொல்லு.

— எதுக்கு இப்ப எங்கையெழுத்து?

— எல்லாம் எந் தம்பி மொக்கையனாலதான். எனக்கு நெஞ்சு வலி வந்ததுலருந்து ஆரம்பிச்சிட்டான். முத்துலட்சுமிக்கு நான் கட்டுன தாலி செல்லாதாம். ஒங்கக்கா சந்தனம் அன்னைக்கு உசுரோட இருந்தாளாம், துரும்பு அவ கைக்குப் போகலயாம். மொதத் தாரம் இருக்கயில இன்னொருத்தியக் கட்டுனா புதுச் சட்டத்துல செல்லாதுன்னு வக்கீலப் பாத்துட்டு வந்துட்டான். அவ இந்தச் சங்கரபாண்டியனோட வப்பாட்டின்னு பரளச்சி ஊரு பூராவும் சொல்லித் திரியுறான். நான் கண்ண மூடுனா பூர்வீக நெலத்துல அவளையும் எம் மகனையும் கால் வைக்க விடமாட்டான்யா.

— துரும்ப நான்தான வாங்குனேன்.

— அதத்தான் சொல்றேன். ஊர்க்கூட்டத்துல துரும்பக் கிள்ளிப் பொண்டாட்டி கையில குடுத்தா ஒறவு தீந்துச்சு. அவ காய்ச்சல்ல கெடக்கான்னு நீ வந்து வாங்குன. கொண்டுபோயிக் குடுத்தேன், அவளும் சம்மதிச்சு வாங்கிக்கிட்டான்னு நீ எழுதிக் குடுத்தாப் போதும்.

— அன்னைக்கே அடுத்த தாலியும் கட்டிட்டீகளே.

— பந்தல் போட்டாச்சு, சனம் வந்தாச்சு. பொழுது சாய, அவ செத்துப்போனான்னு சேதி வந்துச்சு. மாலையோட உக்காந்திருந்தேன். அத்துவிட்டவன் போகக் கூடாதுன்னுட்டாக. போகல.

— தெரியும்.

— இப்ப அவ வாரா, சோலை.

— யாரு?

— சந்தனந்தான். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வாரா. நேரா அடுப்படிக்குப் போயி, இவ ஒல வைக்கிறப்ப பக்கத்துல குத்தவச்சு உக்காந்துருக்கா. முத்துலட்சுமியும் பாத்துட்டா. திருநீறு போட்டும் கேக்கல. தீத்துவிட்டவளுக்கு அந்த வீட்டுல என்ன சோலி? எனக்குப் பயமா இருக்குய்யா.

— துரும்பு குடுத்த கையோட நகையையும் எங்கிட்டக் குடுத்தீகள்ல?

— மொறைதான. அத்துவிட்டா பொறந்த வீட்டு நகை திரும்பிப் போகணும்.

— புள்ளையில்லாமச் செத்துப்போனா?

— புருசன் வீட்டோட நின்னுரும். அத இப்ப எதுக்குக் கேக்குற?

— தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த நகையத்தான் எங்கய்யா நம்பியிருந்தாரு. அன்னைக்கு விடியிறதுக்கு முன்னயே அக்காவுக்கு மூச்சு நின்னுபோச்சு. அழுக சத்தம் வெளிய கேக்காம எங்காத்தா வாயில சேலையத் திணிச்சுக்கிட்டா. கதவச் சாத்திட்டு எங்கய்யா துரும்பையும் நகையையும் வாங்கியாரச் சொல்லி என்னையக் கூட்டத்துக்கு அனுப்புனாரு.

— ஏலே... என்னடா சொல்ற?

— மொதத் தாரம் செத்தப்புறம் கட்டுனதால நீங்க கட்டுன தாலி செல்லும். முத்துலட்சுமியையும் புள்ளையையும் யாரும் அசைக்க முடியாது, நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். ஆனா துரும்பு அவ கைக்குப் போகவே இல்ல; ராஜகுரு வந்தா, தீத்துவிட்ட பொண்டாட்டின்னு எழுத வேணாம்னு சொல்லுங்க. செத்துப்போன பொண்டாட்டின்னு எழுதச் சொல்லுங்க.